ஓல்ட் ட்ராஃபோர்டுக்குப் பக்கத்தில் புது அரங்கம்: ரசிகர்களின் மகிழ்ச்சிக்கும் பயத்துக்கும் காரணம் என்ன?

இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட், தன் சொந்த அரங்கமான ஓல்ட் ட்ராஃபோர்டுக்குப் பக்கத்தில் 1 லட்சம் இருக்கைகளோடு புது அரங்கம் கட்டப்போவதாக அறிவித்த பிறகும், அந்த ஊர் ரசிகர்களில் பலர் ஏன் முழு மனதோடு கொண்டாடவில்லை, கூரை ஒழுகும் கட்டடத்தின் மேல் இவ்வளவு பாசம் எதற்கு, பழையதைப் பழுது பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழையதைத் திருத்த முடியுமா என்பது கட்டுமானக் கேள்வி. புதியது வந்தால் இப்போது வாரா வாரம் போகிறவருக்கு என்ன கிடைக்கும், என்ன கைவிட்டுப் போகும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கான பதில் இன்னும் வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் எழுதப்பட வேண்டியது. ரசிகர்கள் மகிழ்வதும் பயப்படுவதும் ஒரே நேரத்தில் நடப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் குழம்பிப் போயிருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டு கணக்கையும் சரியாகவே போட்டிருக்கிறார்கள்.

இருக்கை அமைப்பும், கூட்டம் உள்ளே வந்து வெளியே போகும் கணக்கும் என் தொழில். அதில் உறுதியாகப் பேசுவேன். கடன், வட்டி பற்றிச் சொல்வதெல்லாம் மற்ற கிளப்புகளில் நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொல்வது. அந்தப் பகுதியை அந்த எடையோடு மட்டும் படியுங்கள்.

அறிவிப்பு வந்தது 2025 மார்ச் 11 அன்று. ஃபாஸ்டர் பார்ட்னர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, சுமார் 200 கோடி பவுண்டு செலவு, 3 பெரிய தூண்களில் தொங்கும் குடை போன்ற ஒரு மேல்விதானம், அதில் உயரமான தூண் 200 மீட்டர். இடம், இப்போதைய அரங்கத்துக்குப் பக்கத்திலேயே. முன்னாள் ஒலிம்பிக் ஓட்ட வீரர் செபாஸ்டியன் கோ தலைமையில் அமைந்த குழு, புதுப்பித்தல், புதுக் கட்டுமானம் இரண்டையும் ஆராய்ந்த பிறகு வந்த முடிவு இது. கிளப் நடத்திய கருத்துக் கேட்பில் பாதியைச் சற்றே தாண்டியவர்கள் புதியதைக் கேட்டார்கள்; மூன்றில் ஒரு பங்கு அளவினர் பழையதைப் புதுப்பிக்கச் சொன்னார்கள்; மீதிப் பேர் முடிவு செய்யவில்லை. ஆக, மனம் பிரிந்து கிடப்பது வெளியாட்களின் ஊகம் அல்ல, எண்ணிக்கையிலேயே தெரிகிறது.

புதுப்பிப்பதில் என்ன சிக்கல்? ஓல்ட் ட்ராஃபோர்டு 1910-இல் ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைப்பில் திறக்கப்பட்டது. 1941 மார்ச்சில் ஜெர்மன் குண்டுவீச்சில் சிதைந்து, 1949 வரை யுனைடெட் அணி மெயின் ரோட்டில், அதாவது போட்டிக் கிளப்பான மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது. அதன் பிறகு அந்த அரங்கம் ஒரே திட்டத்தில் எழுந்ததே இல்லை. 1990-களின் நடுவில் வடக்கு கேலரி 3 அடுக்காக உயர்ந்தது. 2006-இல் வடக்குப் பக்க மூலைகள் நிரப்பப்பட்டன. தெற்குப் பக்கம் மட்டும் தாழ்வாகவே நின்றுவிட்டது, ஏனென்றால் அதன் முதுகை ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது, அதைத் தாண்டினால் குடியிருப்பு. ஓடுகிற ரயில் பாதைக்கு மேல் கட்ட வேண்டுமென்றால், ரயில் நிற்கும் நள்ளிரவுச் சில மணி நேரங்களில் மட்டுமே பாரந்தூக்கியை இயக்க விடுவார்கள். வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அந்தக் காலம் முழுவதும் அந்தப் பக்க இருக்கைகள் மூடிக் கிடக்கும். இவ்வளவு செய்தாலும் சுமார் 87,000 பேர் அளவுக்குத்தான் போக முடியும் என்று கணக்கிட்டார்கள். இப்போது கொள்வது 74,000 சொச்சம்.

கூரையை எடுத்துக்கொள்வோம். 2024 மே மாதம் ஆர்சனலுடன் நடந்த ஆட்டம் முடிந்ததும் மழைத் தண்ணீர் கூரை மூலையிலிருந்து அருவியாகக் கொட்டிய காட்சியை உலகமே பார்த்தது. ஆனால் கூரையை மாற்றலாம், வடிகாலை மாற்றலாம். மாற்ற முடியாதது கான்கிரீட் படிகளின் ஆழம். பழைய காலக் கேலரிகளில் 70 செ.மீ. ஆழப் படிகள் சாதாரணம். இன்று 80 செ.மீ. பரிந்துரைக்கப்படுகிறது. அந்த 10 செ.மீ. வித்தியாசத்தில்தான் உங்கள் முழங்கால் முன்னிருக்கையில் இடிப்பதும் இடிக்காததும் இருக்கிறது. பழைய சரிவின் மீதே இதைச் சரிசெய்யப் போனால் 8 வரிசை இருந்த இடத்தில் 7 வரிசைதான் வரும். புதுப்பிக்கிறோம் என்று சொல்லி எட்டில் ஒரு பங்கு இருக்கைகளை இழக்க எந்த நிர்வாகமும் சம்மதிக்காது. அதனால்தான் புதுப்பித்த அரங்கங்களில் பெயின்டும் திரைகளும் புதிதாக இருக்கும், கால் நீட்டும் இடம் பழையபடியே இருக்கும். கட்டுமானக் கேள்விக்கு என் பதில் இதுதான்: புதுப்பிக்க முடியும், ஆனால் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது குறைவு. பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டுவதே சரி.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புது அரங்கம் என்றாலே பார்வை நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். அதற்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் கண்ணிலிருந்து அருகிலுள்ள டச்லைனுக்கு, அதாவது ஆடுகளத்தின் பக்க எல்லைக் கோட்டுக்கு, ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு உங்களுக்கு நேர் முந்தைய வரிசையில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு எத்தனை செ.மீ. மேலே போகிறது என்பதைத்தான் வடிவமைப்பாளர்கள் சி மதிப்பு என்பார்கள். 12 செ.மீ. இருந்தால் அருமை, 9 இருந்தால் தலையைச் சற்று நிமிர்த்திப் பார்க்கலாம், 6 என்றால் இரண்டு தலைகளுக்கு நடுவே பார்க்க வேண்டும். டச்லைனிலிருந்து 30 மீட்டர் தள்ளி, 10 மீட்டர் உயரத்தில், 80 செ.மீ. ஆழப் படியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படியின் உயரம் 35 செ.மீ. என்றால் சி மதிப்பு சுமார் 8 வருகிறது. அதே படியை 40 செ.மீ. ஆக்கினால் 13-க்குப் போய்விடுகிறது. வெறும் 5 செ.மீ. உயர்வு, தலைக்கு நடுவே எட்டிப் பார்ப்பவரை வசதியாகப் பார்ப்பவராக ஆக்குகிறது. 25 வரிசைக்கு அந்த 5 செ.மீ.யைக் கூட்டினால் கேலரி முழுவதும் 1.25 மீட்டர் உயரும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு மேலே உள்ள எல்லாமும் உயரும், இரும்பும் கூடும், செலவும் கூடும். செலவைக் குறைக்கும் கூட்டங்களில் இந்த 5 செ.மீ. சத்தமில்லாமல் காணாமல் போவது உண்டு. கணினிப் படத்தில் இது யார் கண்ணுக்கும் தெரியாது.

சி மதிப்பு நன்றாக இருந்தும் இருக்கை மோசமாக இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 35 செ.மீ. படியையே வைத்துக்கொண்டு, கோட்டிலிருந்து 45 மீட்டருக்குத் தள்ளிப் போங்கள். சி மதிப்பு 17-ஐத் தொடும். மறைப்பே இல்லை. ஆனால் ஆட்டக்காரரின் சட்டை எண் தெரியாது. தூரம் கூடினால் மறைப்பு குறைகிறது என்பதால், ஓடுபாதை உள்ள அரங்கங்களைத் தட்டையாகக் கட்டினாலும் விதிமுறை நிறைவேறிவிடுகிறது. சென்னை நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்சி ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஆட்டம் முழுவதும் தெரிகிறது, ஆனால் பந்து உதைபடும் சத்தம் ஓடுபாதையைத் தாண்டி வந்து சேர்வதில்லை.

லண்டன் கிளப்பான வெஸ்ட் ஹாமின் ரசிகர்களுடைய கசப்புக்கு வேர் இதுதான். 1904 முதல் ஆடிய போலின் மைதானத்தை விட்டு 2016-இல் லண்டன் ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போனார்கள். 99 ஆண்டுக் குத்தகை, தொடக்க வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு அளவு. கிளப்புக்குக் கொழுத்த லாபம். ரசிகர்களுக்கும் மலிவு: மிகக் குறைந்த சீசன் டிக்கெட் 289 பவுண்டுக்கே கிடைத்தது. இருந்தும் 2018 மார்ச்சில் பர்ன்லியுடன் ஆடிய அன்று ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள், இயக்குநர்கள் உட்கார்ந்திருந்த பகுதிக்கு எதிரே திரண்டு கத்தினார்கள். விலை குறைந்தால் போதும், ரசிகர் சமாதானமாகிவிடுவார் என்ற கணக்கை அந்த ஒரு மாலையே பொய்யாக்கியது. தடகளத்துக்காகக் கட்டிய கிண்ணத்தில் கால்பந்தைப் பொருத்தியதால், கீழ் அடுக்கை முன்னே நகர்த்திய பிறகும் இடைவெளி நின்றுவிட்டது. எதிர்த் திசைக்கு இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பைச் சொல்லலாம். ஓடுபாதையோடு இருந்த டெல்லே ஆல்பி அரங்கத்தை இடித்து, அதே இடத்தில் சுமார் 41,000 பேருக்கான அரங்கத்தை 2011-இல் திறந்தார்கள். இருக்கைகள் பெருமளவு குறைந்தன. ஆனால் கேலரி கோட்டருகே வந்தது, அரங்கம் நிரம்பியது. அந்த மாற்றத்துக்காக வருத்தப்பட்டவர்கள் மிகக் குறைவு.

மான்செஸ்டர் திட்டத்தில் ஓடுபாதை இல்லை. அங்கே ஆபத்து உயரத்தில் இருக்கிறது. 105-க்கு 68 மீட்டர் ஆடுகளத்தைச் சுற்றி 1 லட்சம் பேரை உட்கார வைக்க வேண்டும். ஓர் இருக்கைக்கு 50 செ.மீ. அகலம், 80 செ.மீ. ஆழம் என்றால் இருக்கைகளுக்கு மட்டும் 40,000 சதுர மீட்டர். நடைபாதை, படிக்கட்டு எல்லாம் தனி. களத்தின் தூரமான மூலையிலிருந்து பார்ப்பவருக்கு 190 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது வடிவமைப்பில் பொதுவாக வைக்கும் எல்லை. சரிவு 34 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது இங்கிலாந்தின் பாதுகாப்பு வழிகாட்டி சொல்வது. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் மேலடுக்கு நிற்க வேண்டும். இங்கேதான் பணமும் பார்வையும் மோதுகின்றன. அடுக்குகளுக்கு நடுவே, அதிக விலைக்கு விற்கும் சொகுசு விருந்தினர் அறைகளுக்கென ஒரு தளத்தைச் செருகினால், அதற்கு மேலுள்ள சாதாரண இருக்கைகள் எல்லாம் 3 முதல் 4 மீட்டர் உயர்ந்துவிடுகின்றன. இரண்டு தளம் செருகினால் 7 மீட்டர். அந்த அறைகள் தரும் வருமானம் பெரிது, அதனால் எல்லாக் கிளப்பும் செருகவே பார்க்கும். விலை கொடுப்பது மேலே உட்காரும் சாதாரண டிக்கெட்காரர். என்னைக் கேட்டால், 1 லட்சம் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. 85,000 முதல் 90,000 வரை வைத்து, ஒரு தளத்தைக் குறைத்து, கேலரியைக் களத்துக்கு அருகே கொண்டுவந்தால் அது இன்னும் நல்ல அரங்கமாக இருக்கும்.

சத்தம் பற்றி ரசிகர்கள் கவலைப்படுவதை உணர்ச்சிவசம் என்று ஒதுக்குகிறார்கள். அதுவும் கணக்கில் அடங்குவதுதான். கூரையின் உள்விளிம்பு தாழ்ந்து, கடினமான பரப்போடு இருந்தால் பாட்டு களத்துக்குத் திரும்பும். கூரை மிக உயரத்தில் போனாலோ, மெல்லிய சவ்வால் ஆனாலோ பெரும்பகுதி வெளியே போய்விடும். மான்செஸ்டர் படத்தில் இருக்கும் அந்தப் பெரிய விதானம் வெளியே உள்ள திறந்தவெளியையும் சேர்த்து மூடுவதற்கானது; அதைப் பார்த்து ஒலியைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது, உள்கூரையின் குறுக்குவெட்டு வரைபடம் வேண்டும். அடுத்தது, கோலுக்குப் பின்னால் உடைபடாத ஒரே அடுக்கு. ஜெர்மனியின் டார்ட்மண்ட் அரங்கத்துத் தெற்குக் கேலரியில் சுமார் 25,000 பேர் ஒரே சரிவில் நிற்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாம் தன் புது அரங்கத்தில் 17,500 பேருக்கு ஒற்றை அடுக்கு தெற்குக் கேலரியைக் கட்டியது. ஒரு பாட்டு அடுக்கு மாறிப் பரவாது. ஒரே சரிவில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பரவும். மூன்றாவது, நின்று பார்க்கும் இடம். 1989-இல் ஹில்ஸ்பரோ அரங்கத்தின் கூட்ட நெரிசல் பேரழிவில் 97 பேர் இறந்த பிறகு, அதை விசாரித்த டெய்லர் அறிக்கையின் வழியே மேல் இரண்டு பிரிவுக் கிளப்புகளில் நின்று பார்ப்பது 1994-இல் முடிவுக்கு வந்தது. 2022-23 சீசனிலிருந்து கம்பித் தடுப்பும் மடக்கு இருக்கையும் உள்ள உரிமம் பெற்ற பகுதிகளில் மறுபடி நிற்கலாம், ஓர் இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில். புதிதாகக் கட்டுகிறவர்கள் இந்தப் பகுதியின் படி ஆழத்தையும் வெளிவாசல் அகலத்தையும் பிற்காலத்தில் விதி தளர்ந்தாலும் தாங்கும்படி இப்போதே வைக்க வேண்டும். பிறகு உடைத்துச் செய்ய முடியாது.

வெளியேறுவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு, ஆனால் ஒவ்வொரு வாரமும் உடம்பில் உணர்வது அதைத்தான். சமதளத்தில் 1 மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்று வழிகாட்டி கணக்கு வைக்கிறது. அரங்கத்திலிருந்து 8 நிமிடத்தில் வெளியேற வேண்டும். 1 லட்சம் பேருக்கு, சமதளம் மட்டும் என்றால்கூட மொத்தம் 152 மீட்டர் அகல வாசல் வேண்டும். படிக்கட்டு என்றால் 189 மீட்டர். இதைக் கட்டடத்துக்குள் சாதிப்பது கடினமல்ல. கடினம் வாசலுக்கு வெளியே தொடங்குகிறது. 30,000 பேர் டிராமில் போவதாக வைத்துக்கொள்வோம். மான்செஸ்டரின் இரட்டை டிராம் ஒன்றில் சுமார் 400 பேர் ஏறலாம். 75 டிராம் தேவை. 3 நிமிடத்துக்கு ஒன்று, 3 தடங்களில் என்று தாராளமாக வைத்தாலும் கடைசி ஆள் ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்கு முடியும் ஆட்டத்துக்கு லிவர்பூல் பக்கமோ யார்க்ஷயர் பக்கமோ திரும்ப வேண்டியவருக்குக் கடைசி ரயில் போய்விடும். 26,000 இருக்கைகளைக் கூட்டும் திட்டத்தில் அதற்கேற்ற ரயில் வசதிக்குப் பணம் யாருடையது என்பது விதானத்தைவிட முக்கியமான கேள்வி.

இடம் மாறும் தூரமும் மனதைத் தீர்மானிக்கிறது. ஆர்சனல் 2006-இல் ஹைபரியிலிருந்து எமிரேட்ஸுக்குப் போனபோது நடக்கும் தூரத்துக்குள்ளேயே போனது. அதே ரயில் நிலையம், அதே மதுக்கடைகள். எவர்ட்டன் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025-இல் பிராம்லி மூர் துறைமுகத்துக்கு, சுமார் 2 மைல் தள்ளிப் போனது. குடிசன் தெருக்களில் ஆட்ட நாளை நம்பியிருந்த கடைகளுக்கு அந்த 2 மைல் பெரிய தூரம். குடிசன் பார்க்கை இடிக்காமல் மகளிர் அணிக்கு ஒதுக்கியது அந்த இழப்பைக் கொஞ்சம் தணித்தது. யுனைடெட்டுக்கு இந்த வகையில் அதிர்ஷ்டம்: சர் மேட் பஸ்பி சாலையில் பர்கரும் கழுத்துத் துணியும் விற்பவர்கள் அப்படியே தொடரலாம். ஆனால் பழைய அரங்கத்தை இடித்துவிடும் எண்ணமே முன்னால் நிற்கிறது. யுனைடெட் வீரர்கள் பலர் இறந்த 1958 பிப்ரவரி 6 மியூனிக் விமான விபத்தின் நினைவாக வெளிச்சுவரில் இருக்கும் கடிகாரம், சுரங்கவழியில் உள்ள நினைவுப் பலகைகள், அணியின் பழைய நட்சத்திரங்களான பெஸ்ட், லா, சார்ல்டன் மூவரின் சிலை ஆகியவற்றைப் பெயர்த்து வைக்கலாம். புல்தரையிலும் அதன் ஓரத்திலும் தூவப்பட்ட, இறந்த ரசிகர்களின் சாம்பலைப் பெயர்க்க முடியாது. அந்தக் குடும்பங்களிடம் இடிப்பதற்கு முன்பே பேசி, களத்தின் அந்தப் பகுதியை நினைவுத் தோட்டமாக ஒதுக்கும் வரைபடத்தை முதல் விண்ணப்பத்திலேயே சேர்ப்பதுதான் மரியாதை.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் மான்செஸ்டரில் கசப்பின் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கிளப்பை சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதற்காக வாங்கிய கடனில் பெரும்பகுதி கிளப்பின் தலையிலேயே ஏறியது. அதை எதிர்த்து ஒரு பகுதி ரசிகர்கள் அதே ஆண்டு எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் கிளப்பே தொடங்கினார்கள். இருபது ஆண்டு வட்டி கட்டிக்கொண்டு கூரையைக் கவனிக்காமல் விட்ட உரிமையாளர்களின் காலத்தில் இன்னொரு 200 கோடி பவுண்டு என்றால், யார் தலையில் விழும் என்று அவர்கள் கேட்பதில் என்ன தவறு? 2024 பிற்பகுதியில் சீசன் நடுவிலேயே உறுப்பினர் டிக்கெட்டை, குழந்தைகளுக்கும் முதியோருக்கும் சலுகை இல்லாமல், 66 பவுண்டு ஆக்கியதும் அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியது.

கடன் ஆட்டத்தின் மேலும் ஏறும். எமிரேட்ஸ் கட்ட 39 கோடி பவுண்டு ஆனது. 38,000 பேர் இருந்த இடத்தில் 60,000 பேர் வந்தார்கள். இருந்தும் 2005 எஃப்ஏ கோப்பைக்குப் பிறகு 2014 வரை ஆர்சனலுக்கு ஒரு கோப்பையும் இல்லை. ஃபாப்ரெகாஸ், நஸ்ரி, வான் பெர்சி என்று ஒவ்வொருவராக விற்க வேண்டியிருந்தது. அரங்கக் கடன் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அதே காலத்தில் செல்சியும் சிட்டியும் பெரும் செல்வத்தோடு இறங்கினார்கள். ஆனால் கடன் ஒரு பெரிய காரணம் என்பதை யாரும் மறுக்கவில்லை. யுனைடெட் ரசிகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அமெரிக்கன் ஃபுட்பால் என்ற வேறு விளையாட்டில் வழக்கமாகிவிட்ட இருக்கை உரிமக் கட்டணம். ஒரு பெருந்தொகையை முன்கூட்டிக் கட்டினால்தான் சீசன் டிக்கெட் வாங்கும் உரிமையே கிடைக்கும். டிக்கெட் விலை அதற்கு மேல். கட்டுமானப் பணம் திரட்ட இது உரிமையாளருக்கு எளிய வழி. தலைமுறையாக ஒரே வரிசையில் உட்கார்ந்தவர் வெளியே நிற்க நேரிடும்.

அறிவிப்பில் வந்த பெரிய எண்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நாட்டுப் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 730 கோடி பவுண்டு, 92,000 வேலை, 17,000 வீடுகள் என்பவை அரங்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. சுற்றுவட்டார மறுசீரமைப்பு முழுவதும் நடந்தால் வரும் மதிப்பீடு. அரங்கம் மட்டும் ஊரைச் செழிக்க வைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வுகள் சாதகமாக இல்லை. 160 பெரிய பாகங்களை முன்கூட்டியே வார்த்து, மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வழியே கொண்டுவந்து 5 ஆண்டில் முடிப்போம் என்பது செய்யக்கூடியதே, ஆனால் இந்த அளவில் இறுக்கமானது. நிலமும் முழுமையாகக் கையில் வர வேண்டும். பக்கத்திலுள்ள சரக்கு ரயில் முனையத்தை இடம் மாற்றாமல் முழு வடிவம் அமையாது. தாமதம் பெரும்பாலும் கான்கிரீட்டில் வருவதில்லை, கடைசியில் வரும். வெம்ப்ளி 2006 எஃப்ஏ கோப்பை இறுதிக்குத் தயாராக வேண்டியது, 2007 மார்ச்சில்தான் திறந்தது. டாட்டன்ஹாம் 2018-19 சீசனின் தொடக்கத்திலேயே புது அரங்கத்தில் ஆடத் திட்டமிட்டது. பாதுகாப்பு மின்னமைப்புகளில் வந்த கோளாறால் 2019 ஏப்ரல் வரை இழுத்தது. தீ எச்சரிக்கை, அவசர ஒலிபெருக்கி, புகை வெளியேற்றம் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். ஒன்று தவறினாலும் உரிமம் கிடைக்காது. அதன் பிறகும் முதலில் சில ஆயிரம், பிறகு பாதி என்று கூட்டத்தை ஏற்றிச் சோதனை ஆட்டங்கள் நடத்தியாக வேண்டும். புது அரங்கம் பக்கத்து நிலத்தில் எழுவதால் தாமதமானாலும் யுனைடெட் வேறு ஊரில் ஆட வேண்டியதில்லை. புதுப்பிப்பதைவிட இது மேல் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் அது.

ரசிகர் குழுக்கள் எதை எப்போது கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். திட்ட அனுமதி விண்ணப்பம் வரும்போது, அழகிய படங்களை விட்டுவிட்டு நான்கு பக்கக் குறுக்குவெட்டு வரைபடங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு அடுக்கின் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் சி மதிப்பு, சரிவு டிகிரி, தூர மூலைக்கான மீட்டர் எழுதித் தரச் சொல்லுங்கள். விருந்தினர் இருக்கைகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் அடித்தளம் போட்ட பிறகு அந்தச் சதவீதம் மாறாது. சீசன் டிக்கெட்காரர்களைப் புது அரங்கத்துக்கு மாற்றும் முறையை, சேர்ந்து உட்கார்ந்த குழுக்களைப் பிரிக்காமல் மாற்றும்படி, விற்பனை தொடங்கும் முன்பே ஒப்புக்கொள்ள வையுங்கள். முதல் 5 சீசனுக்கு விலை உயர்வு வரம்பு, குழந்தை மற்றும் முதியோர் சலுகை, உரிமக் கட்டணம் இல்லை என்ற உறுதி மூன்றையும் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்க வேண்டும். கையெழுத்தான பிறகு கடன் கொடுத்தவரின் வருமான நிபந்தனை முன்னால் வந்துவிடும். 2025-இல் இங்கிலாந்தில் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி, சொந்த மைதானத்தை விற்கவோ இடம் மாற்றவோ சுதந்திரக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் வேண்டும், ரசிகர்களைக் கலந்து பேசவும் வேண்டும். ஹைபரியோ போலினோ போன காலத்தில் ரசிகர்களுக்கு இல்லாத பிடி இது. மான்செஸ்டர்க்காரர்கள் அந்தக் கலந்தாய்வுக்குப் போகும்போது மேலே சொன்ன எண்களைக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும்.